கிழக்கு மேலே இருக்கும் சுவர்

புதுவாயல்,
9-1-1974, புதன்கிழமை.

அன்புள்ள திரு. ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

பூகோள ஆசிரியர் லோகநாதன் எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் இதைப் பிரித்தீர்கள் என்றால் அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். இங்கு யாவரும் சுகம். மதுராந்தகத்துத் தண்ணீர் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா, ஓட்டல் சாப்பாடா, சொந்தச் சமையலா என்று அறிய விரும்புகிறேன்.

முதலில் செய்தி. சுவர் நிற்கிறது. நீங்கள் படம் எழுதிய அந்த அறுபதடிச் சுவரில் ஒரு விரல் அகலத்துக்குக்கூடச் சுண்ணாம்பு படவில்லை. நேற்று காலை அதற்காகப் பீப்பாயில் ஊறிக்கொண்டிருந்த சுண்ணாம்பு மாலையில் கழிப்பறைச் சுவருக்குப் போய்விட்டது. அங்கே அது தேவையாகவும் இருந்தது.

உங்கள் மனைவி சாராள் இதற்குள் உங்களுக்கு எழுதியிருக்கக்கூடும். நேற்று அவரும் சுவருக்கு எதிரே நின்றிருந்தார். அவர் எழுதியிருந்தால் என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கும். அந்த வரி உண்மைதான். அதற்கு வருகிறேன். அவர் நலமாக இருக்கிறார். பாப்பாவுக்குச் சளி மட்டும் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி டாக்டரிடம் காட்டியதாகச் சொன்னார்.

நான் எதையும் மறக்காதவன் என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஏழு வருஷம் இளையவரான அருணகிரி பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த தேதி எனக்குத் தெரியும். பள்ளிக்கு வந்த ஒரே உலக உருண்டையை அவர் தம் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிய தேதியும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பந்தையும் மெழுகுவர்த்தியையும் வைத்துக்கொண்டு இரவு பகல் நடத்துகிறவன் நான். ஆகவே சென்ற ஜூலை மாதம், ரோட்டைப் பார்த்த சுவரில் நம் வட்டாரத்துப் படத்தைச் சுதந்திர தினத்துக்குள் எழுதச் சொல்லி அருணகிரி உங்களைக் கூப்பிட்டபோது, அதையும் குறித்து வைத்துக்கொண்டேன். வட்டாரப் படம். பூகோளம் படித்து பி.ஏ., பி.டி. வாங்கியவன் பக்கத்து அறையில் இருக்கிறான். ஓவிய ஆசிரியரைக் கூப்பிடுகிறார்.

நீங்கள் காவியும் கரியும் சலவை நீலமும் குழைத்து எழுத ஆரம்பித்த நாளிலிருந்து நான் ஒன்பதாம் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எனக்குப் புரிந்துவிட்டது. கடலையும் அதை ஒட்டிய ஏரியையும் மேலே வைத்திருந்தீர்கள். இடது பக்கம் கும்மிடிப்பூண்டி, வலது பக்கம் பொன்னேரி, கீழே ரோடும் தண்டவாளமும். கிழக்குத் திசை தலைக்கு மேலே. இறங்கி வந்து உங்களிடம் கத்தினேன். வடக்குதான் மேலே இருக்க வேண்டும், இது ஆறாம் வகுப்புப் பாடம் என்றேன். நீங்கள் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பதில் சொன்னீர்கள். “சார், ரோட்டுல நிக்கிறவங்க கிழக்கைப் பார்த்துத்தான் நிக்கிறாங்க. கடல் அவங்களுக்கு எதிர்ல இருக்கு. நான் வடக்கை மேல வச்சா ஒவ்வொருத்தரும் கழுத்தைத் திருப்பிக்கினு பாக்கணும். அதான் நிக்கிறபடியே வரைஞ்சுட்டேன்” என்றீர்கள். அது சரியான பதில் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அதனால்தான் கோபம் அதிகமாயிற்று.

பிறகு அந்த மீன்காரச் செங்கம்மாள். புதுவாயல் கூட்டு ரோட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, நம் பள்ளிக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரை மேலும் கீழும் பார்த்து அவள் உங்களைக் கேட்டது என் வகுப்பு முழுவதற்கும் கேட்டது. “இன்னா மேஸ்திரி, ரோட்டுக்குப் பேரு எழுதினே, ஊருக்குப் பேரு எழுதினே, ஏரியை மட்டும் மொட்டையா நீலம் அடிச்சு உட்டுட்டே. நாங்க இன்னா வானத்துலயா வலை போடறோம்” என்றாள். தண்ணீருக்கு ஏதும்மா பேர் என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, “கேட்டியாடி மணியம்மா, தண்ணிக்குப் பேரு கீதான்னு கேக்குது இந்தப் புள்ள” என்று சிரித்த சிரிப்பில் நானும் ஜன்னலில் நின்று சிரித்துப் பாடத்தை விட்டுவிட்டேன். அடுத்த ஒரு வாரம், பஸ் வரும்வரை தினமும் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். மடவைப் பள்ளம், நண்டு மேடு, இறால் வாய், கிழவி ஓடை. இரண்டு குப்பத்துக்காரர்கள் வலை போடும் இடத்துக்கு நடுவே நீங்கள் கோடு போடப் போனபோது செங்கம்மாள் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கோடு கீடு போட்டுடாதே நைனா. இன்னிக்கு அங்க எங்க மொறை, நாளைக்கு அவங்க மொறை. நீ கோட்டைப் போட்டா, அதைக் காட்டியே ஆம்பளைங்க சண்டைக்கு நிப்பானுங்க.” இருபத்திரண்டு வருஷம் எல்லைக்கோடு நடத்தியவன் ஜன்னலில் நின்று அதைக் கேட்டேன். அன்றைக்கு அதைப் பாராட்டும் மனநிலையில் நான் இல்லை.

ஆனால் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது கடல் மேலே இருந்ததால் அல்ல. உங்களுக்கும் அது தெரியும். ஊருக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு எழுத்தில் காலனியின் பெயரை எழுதியிருந்தீர்கள். ஊர்க் கிணறு எவ்வளவு பெரிய வட்டமோ காலனிக் கிணறும் அவ்வளவு பெரிய வட்டம். காலனியில் உங்கள் மாமனார் வீட்டுத் தெருவுக்கு மூன்று வேப்பமரம், ஊரின் பெரிய தெருவுக்கு ஒன்று. இருக்கிறபடிதான் வரைந்தீர்கள், நான் போய் எண்ணிப் பார்த்தேன். உருக்காலைக் கொட்டகைகளுக்கு வேலைக்குப் போகிற காலனிப் பையன்கள் ஷிப்டு முடிந்து வரும்போது சைக்கிளை நிறுத்தி, “டேய், நம்ப ஊடுடா” என்று சுவரைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தொட்டுத் தொட்டு அந்த இடம் வழவழப்பாகிவிட்டது. இதைப் பொறுக்காதவர்கள், பொறுக்கவில்லை என்று வாயால் சொல்லவும் முடியாதவர்கள், அருணகிரி வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள்.

அப்போதுதான் கல்வி அதிகாரிக்கு அந்தக் கடிதம் போயிற்று. கையெழுத்து இல்லாத கடிதம். படம் பூகோள விதிகளுக்குப் புறம்பானது, மாணவர் மனத்தில் நிரந்தரக் குழப்பத்தை விளைவிக்கும் என்று சொன்ன கடிதம். அதைக் காரணம் காட்டித்தான் அக்டோபரில் உங்களை மாவட்டத்தின் தெற்குக் கோடிக்குத் தூக்கிப் போட்டார்கள். நீங்கள் புறப்பட்ட அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தீர்கள். “நீங்க மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க சார், அதுக்கு மரியாதை இருக்கு. எவனோ முதுகுக்குப் பின்னால எழுதியிருக்கான்” என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள்.

அதை எழுதியவன் நான்.

இந்த ஒரு வரி எனக்கு நேற்று இரவு முழுவதும் வராமல், இன்று மாலை பள்ளி விட்டபின் வந்தது. காரணம் சொல்லப் போவதில்லை. காரணங்களை மேலே படித்திருப்பீர்கள், அவை எவ்வளவு சின்னவை என்று எழுதும்போது எனக்கே தெரிகிறது.

சென்ற திங்கட்கிழமை, அதாவது கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முந்தின நாள், வருகைப் பதிவேட்டுக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே ஊர்க்காரர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், “முழுசா அடிக்க வேணாம் சார், புள்ளைங்க ஆசையா பாக்குதுங்க. அந்தக் கிணத்தையும் அந்தத் தெருவையும் மட்டும் அழிச்சுட்டா போதும்” என்றார். அதற்கு அருணகிரி, “அது மட்டும் அழிச்சாத்தான் கேள்வி வரும். பூகோளப்படி தப்புன்னு கடுதாசி இருக்குது, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச கணக்குல முழுசா போயிடும். ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது” என்றார்.

எனக்கு என் பாடத்தின் மேல் மரியாதை உண்டு. வாழ்க்கையில் வேறு எதன் மேலும் அவ்வளவு இல்லை. அவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசிய காரணத்துக்கு உடுத்திக்கொள்ள என் பூகோளத்தை நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். இது தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எழுதும்போதே தெரியும். தெரியாதவன்போல இருந்துகொண்டேன்.

இனி நேற்றைய கதை. இதை நான் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன், நீங்களும் அப்படியே படிக்க வேண்டும்.

பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. ஏணி சாத்தியாயிற்று, சுண்ணாம்பு மட்டையோடு இரண்டு ஆட்கள் தயார். எதிரே பஸ் நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். காலனியிலிருந்து இரவு ஷிப்டு முடிந்தவர்கள், சாராள், இன்னும் நாலைந்து பெண்கள், கூடையோடு செங்கம்மாளின் கூட்டம். யார் சொல்லி வந்தார்கள் என்று அருணகிரி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். விசாரிக்கட்டும். திங்கட்கிழமை மாலையே நான் சைக்கிளில் காலனிக்குப் போனேன் என்பது உங்களோடு இருக்கட்டும்.

அதிகாரி சுவரை ஒரு பார்வை பார்த்தார். தலையைச் சாய்த்து வடக்கைத் தேடினார். பிறகு கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். என் வாக்கியம் அவர் குரலில் நன்றாகவே ஒலித்தது. படித்து முடித்துச் சுண்ணாம்பு ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

அதற்குள் செங்கம்மாள் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டாள். “இன்னா சாரு, தலையைச் சாச்சிக்கினு பாக்கறே, கழுத்து சுளுக்கா. நேரா நில்லு. உனுக்கு எதிர்ல இன்னா கீது, கடல். படத்துல மேல இன்னா கீது, கடல். இந்தக் கைப்பக்கம் கும்மிடிப்பூண்டி, அந்தக் கைப்பக்கம் பொன்னேரி. இதுல இன்னா தப்பைக் கண்டே” என்றாள். அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார், “அம்மா, இது படிச்சவங்க விஷயம். பூகோளம் படிச்ச ஒருத்தரே எழுதியிருக்கார்” என்று. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “யாரு அந்த மகராசன்? இங்க கூப்டு. கடல் எந்தப் பக்கம் கீதுன்னு அவனை நான் ஒரு கேள்வி கேக்கறேன்” என்றாள்.

நான் வராந்தாவிலிருந்து இறங்கிப் போனேன். பதினைந்தடி இருக்கும். என் கால்கள் கட்டுப்பட மறுத்தன என்றெல்லாம் எழுத மாட்டேன், நன்றாகவே நடந்தேன். “அந்தக் கடிதம் நான் எழுதியது. எழுதியது தவறு” என்றேன். பிறகு, பாடம் நடத்துகிற குரலிலேயே, வடக்கை மேலே வைப்பது ஒரு வழக்கம் மட்டுமே, விதி அல்ல என்றேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கிழக்கை மேலே வைத்துத்தான் வரைந்தார்கள், அராபியர்கள் தெற்கை மேலே வைத்தார்கள் என்றேன். பார்க்கிறவன் நிற்கிற இடத்தோடு பொருந்துகிற படத்தில் குழப்பத்துக்கே இடமில்லை என்றேன். கடைசியாக, இதை அழிக்கச் சொல்கிறவர்களுக்குத் திசையில் குறை இல்லை, கிணற்றில்தான் குறை என்றேன். அதைச் சொன்னபோது அருணகிரியின் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது அந்த முகத்துக்காகத்தான். அதற்கு மேல் எனக்கு அவரிடம் ஒன்றும் பாக்கியில்லை.

சாராளையும் பார்த்தேன். அவர் முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. செங்கம்மாள் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீதானா அது? ஜன்னல்ல நின்னுக்கினு சிரிச்ச வாத்தியாரு” என்று கேட்டு, தூ என்று ஒரு பக்கம் துப்பிவிட்டு, “சரி போ, வந்து சொன்னியே” என்றாள்.

அதிகாரி, கையெழுத்திடாமல் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். பயத்தினால் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். சுண்ணாம்பு ஆட்களிடம், தாம் ஏரிக்கரைப் பள்ளிக்குப் போய்த் திரும்பும்வரை சும்மா இருக்கச் சொன்னார். அங்கேதான் நமக்கு இன்னொரு துணை கிடைத்தது. கார்த்திகை மழையில் அந்த வழியில் உடைந்த சிறுபாலம் இன்னும் உடைந்தபடியே இருப்பது உங்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஜீப் டிரைவர் வரதன் சுவர் முன்னால் நின்று விரலால் வழி தேடிக்கொண்டிருந்தார். சவுக்குத் தோப்புக்குள் புகுந்து கிழவி ஓடையை ஒட்டிப் போகிற வண்டித்தடம் உங்கள் படத்தில் காவிக் கோடாக இருக்கிறதே, அது அரசாங்கம் அச்சடித்த எந்தப் படத்திலும் இல்லை. ஜீப் அதில் போயிற்று.

ஒன்றரை மணிக்குத் திரும்பியது. அதிகாரி இறங்குவதற்கு முன்பே வரதன் இறங்கி, யாரும் கேட்காமலே, “அப்படியே கீது சார். படத்துல மூணு பனமரம் போட்டுக்கீது, அங்க மூணு பனமரம் கீது. திரும்புன்னு காட்டிக்கீது, திரும்பினேன், ஸ்கூலு” என்றார். கூட்டம் கலையாமல் அப்படியே நின்றிருந்தது. காலனி ஆட்கள் விசில் அடித்தார்கள். அதிகாரி உள்ளே போய், டீ குடித்துவிட்டு, ஆய்வுப் பதிவேட்டில் தம் கையால் எழுதினார். அதை அப்படியே தருகிறேன்: “சுவர்ப் படம் உள்ளபடியே இருக்கலாம். மாணவர் நலன் கருதி, நான்கு திசைகளையும் காட்டும் குறி ஒன்றை ஓவிய ஆசிரியரைக் கொண்டு மூலையில் வரையச் செய்யவும்.”

அவருக்கு அது வெறும் வாக்கியம். நான் மூன்று முறை படித்தேன். ஓவிய ஆசிரியரைக் கொண்டு. நம் பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஏது? உங்களை அனுப்பியபின் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அதிகாரி ஜீப்பில் ஏறுவதற்குள் நான் போய் அதைப் பணிவோடு தெரிவித்தேன். அவர், “நீர் விடமாட்டீர் போலிருக்கே” என்றார். மாறுதல் உத்தரவு தம் அலுவலகத்திலிருந்து போனதுதான், திரும்பி வர உங்களிடமிருந்து விண்ணப்பம் வந்தால் இந்த மாதத்துக்குள் பார்க்கிறேன் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போனார். இடம் காலி என்று அருணகிரியிடம் உடனே எழுதி வாங்கிவிட்டேன்.

எனக்கும் ஒரு மெமோ வரும். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தலைமையாசிரியர் நாற்காலி இனி எனக்கு இல்லை என்பதும் உறுதி. நாற்பத்தொன்பது வயதில் அது தெரிந்துபோனது நிம்மதியாகத்தான் இருக்கிறது. இன்று காலை ஒன்பதாம் வகுப்பை வெளியே அழைத்துப்போய்ச் சுவருக்கு முன்னால் ரோட்டோரத்தில் நிற்க வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். மீனவக் குப்பத்துப் பிள்ளைகள், நான் கேட்காமலே, எந்தக் காற்றில் மடவைப் பள்ளத்துக்குப் போகலாம், எந்தக் காற்றில் போகக்கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். வகுப்பு அதை ரசித்தது.

இத்துடன் விண்ணப்பத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். பதிவேட்டுக் குறிப்பின் நகலும் காலியிடச் சான்றும் பின்னால் இருக்கின்றன. நீங்கள் கையெழுத்திட்டு உங்கள் தலைமையாசிரியர் மூலமாக அனுப்பினால் போதும். என் கையால் எழுதியதில் கையெழுத்திட மனம் வரவில்லை என்றால், அதைப் பார்த்து உங்கள் கையால் ஒரு பிரதி எழுதி அனுப்புங்கள். வாசகங்களை மட்டும் மாற்ற வேண்டாம், ஓட்டையில்லாமல் எழுதியிருக்கிறேன்.

என்னை மன்னிக்கும்படி கேட்க மாட்டேன். மன்னிப்பு என்பது நான் யாருக்கும் கொடுத்துப் பழகாத பொருள், கேட்கவும் வாய் வரவில்லை. உங்கள் கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி எனக்குத் தெரியும், நெடுநாள் இருக்கும், தேயாது. ஆனால் அதை அவ்வளவு தூரத்தில் தனியாக வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே வந்து, ஆசிரியர் அறையில் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இருங்கள்.

பாப்பாவுக்கும் உங்களுக்கும் சாராளுக்கும் பொங்கல் நல்லபடியாக அமையட்டும்.

இப்படிக்கு,
பெயரை எழுதிக் கையெழுத்திடும்,
சு. லோகநாதன்.